நன்னீர் றீல்களோடு ஊருக்கு வரும் உறவுகளுக்கு

சிம்கோ ஏரியிலும் ஸ்கூகொக் ஏரியிலும் றைஸ் ஏரியிலும் கோடை முழுக்கப் பாஸ் மீன் பிடிக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி ஊருக்கு வரும்போது, சூட்கேசுக்குள் உடுப்புகளுக்கு நடுவே இரண்டு றீல்களைச் சுற்றிவைத்துக் கொண்டுவருகிறீர்கள். பண்ணைப் பாலத்தடியிலும் காரைநகர்க் கசூரினாக் கரையிலும் பருத்தித்துறை முனையிலும் நின்று வீசுகிறீர்கள். போகும்போது ஒன்றை மருமகனுக்கோ தம்பியின் பெடியனுக்கோ கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அந்த றீலுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவை எங்கள் கடலில் பழுதாகிப் போகின்றன. நீங்கள் நிற்கும் மூன்று நான்கு கிழமைக்குள் அது வெளியே தெரியாது. நீங்கள் விமானம் ஏறிய பிறகுதான் கைபிடி இறுகத் தொடங்கும். தொலைபேசியில் கேட்டால், "நல்லா இருக்குது மாமா" என்றுதான் பெடியன் சொல்வான். அன்பாகத் தந்த சாமானைப் பற்றிக் குறை சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. ஆகவே உங்களில் பலருக்கு இந்தச் செய்தி ஒருபோதும் வந்து சேர்ந்திருக்காது. இப்போது நான் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது றீல் பழுதாவதைவிட, அந்தப் பழி விழுகிற இடம். அடுத்த கோடையில் நீங்கள் வருகிறீர்கள். அலுமாரிக்கு மேலிருந்து றீல் இறங்குகிறது. கைபிடி அசையவில்லை. "இருநூறு டொலர் றீலடா, என்ன செய்தனி?" என்று கேட்கிறீர்கள். அவன் தலையைக் குனிகிறான். அவன் ஒன்றும் செய்யவில்லை. நன்னீருக்கென்று செய்த சாமானைக் கடலில் போட்டது நீங்கள்தான். முதல் நாளே உப்பு உள்ளே போய்விட்டது. அதை எப்படி எடுப்பது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. தெரியாத வேலையைச் செய்யவில்லை என்று ஒரு பிள்ளையைக் குற்றம் சொல்வது நியாயமா? இந்த மடலை எழுத வைத்தது அந்தக் குனிந்த தலைதான்.

அப்படிப்பட்ட றீல்கள் திருத்துவதற்காக என்னுடைய மேசைக்கு வருகின்றன. ஒன்றைத் திறந்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். வெளியே பார்த்தால் பூச்சுக்கூடப் போயிருக்காது. பக்கத் தட்டைப் பிடித்திருக்கும் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் அது அசையாது. திருகாணியைச் சுற்றி வெள்ளை மா பூத்து, பூச்சைக் குமிழாகத் தள்ளியிருக்கும். எண்ணெய் ஊறவிட்டு, சூடு காட்டி, மெல்ல மெல்லத் திருகினால் சில வேளை கழரும், சில வேளை தலை முறிந்து கையில் வரும். தட்டு கழன்றதும் முதலில் மணம் வரும், தேங்கிய கடல் தண்ணீரின் மணம். தேன் நிறத்தில் இருந்த கிறீஸ் கபிலமாகிக் கட்டியாகியிருக்கும். ஸ்பூல் தண்டைத் தாங்கும் பேரிங்கை விரல்நுனியில் வைத்துச் சுழற்றினால் கரகரவென்று அரைத்து அரைச் சுற்றில் நிற்கும். நூலை இடமும் வலமுமாகக் கொண்டுபோகும் வழிகாட்டிக்குக் கீழே, குறுக்குமறுக்காகக் காடி வெட்டிய தண்டு ஒன்று இருக்கும். அந்தக் காடி முழுக்க உப்புப் பளிங்கு. கடைசியில் நூலை முழுக்கக் கழற்றிப் பார்த்தால் ஸ்பூலின் அடியில் ஊசி குத்தியதுபோல் வரிசையாகக் குழிகள். அந்தக் குழிகளை எவராலும் திருத்த முடியாது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால், எதைச் செய்ய வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும். ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் லீற்றருக்கு அரைக் கிராமையும் எட்டாது. கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம், அதில் பாதிக்கும் மேல் குளோரைட். கோடையில், கடலோடு தாராளமாகத் தொடர்பில்லாத களப்புப் பகுதிகளில் தண்ணீர் வற்றி அதைவிடவும் கரிக்கும். ஆனையிறவில் உப்பு விளைவதைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் கட்டிய தண்ணீரை வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டு போக, அடியில் உப்பு நிற்கிறது. உங்கள் றீலுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பேரிங்கும் பற்சக்கரமும் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பாத்தி. தண்ணீர் போய்விடும், உப்பு தானாகப் போகாது.

உப்புக் காய்ந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கறியுப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட் அதற்கு வெகு குறைவான ஈரப்பதனிலேயே ஈரத்தை இழுக்கும். யாழ்ப்பாணத்து இராக்காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் ரொறன்ரோவில் பகல் வேலையில் இருக்கும்போது, இங்கே அலுமாரிக்கு மேல் இருக்கும் றீல் ஒவ்வொரு இரவும் உள்ளுக்குள் நனைந்து கொண்டிருக்கிறது. பெடியன் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை. அவன் பத்திரமாக வைத்திருந்தும் உள்ளே தங்கிய உப்பு அதைக் கெடுத்தது.

"நான் கடலுக்குள் தாழ்க்கவே இல்லையே" என்பீர்கள். நீங்கள் வரும் ஆடி, ஆவணி மாதங்கள் சோளகம் வீசும் காலம். பண்ணைப் பாலத்தில் நின்றால் களப்பின் அலை கல்லில் மோதித் தெறிக்கும் தூவானம் உங்கள் கண்ணாடியிலே படிகிறது. கையிலிருக்கும் றீலில் மட்டும் படியாதா? அதற்கு மேல், தண்ணீரில் கிடந்த நூல் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கடலை ஸ்பூலுக்குள் கொண்டுவருகிறது. ஸ்பூலின் அடியில் குழி விழுவது அதனால்தான். நூலுக்குக் கீழே தங்கிய உப்புத் தண்ணீர் வெளியேற வழியில்லை.

பாஸ் றீல்கள் கையில் பாரமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அவற்றில் சிலவற்றின் உடலை மக்னீசியம் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள். நாள் முழுக்க வீசுகிறவருக்கு அது பெரிய சுகம். கடலுக்கு அதைப்போல ஆகாத உலோகம் வேறில்லை. அலுமினியம் பரவாயில்லை, அதன் மேல் இயல்பாகவே ஓர் ஒட்சைட்டுப் படை இருக்கிறது. ஆனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் குளோரைட் அந்தப் படையையும் துளைத்துக்கொண்டு போகும். இந்த உடலில் துருவேறா உருக்குத் திருகாணியைப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் இருந்தால் அங்கே ஒரு பற்றரி உருவாகிவிடும், அதில் எளிதாக அரிபடும் உலோகம் கரையும். குருநகரிலும் பாசையூரிலும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். எஞ்சினின் காலில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பூட்டியிருப்பார்கள். எஞ்சினுக்குப் பதிலாக அது கரையும், கரைந்தால் புதிதாக மாற்றுவார்கள். உங்கள் றீலில் அப்படி ஒரு கட்டி இல்லை. கரைவது றீலின் உடல்.

பெட்டியில் "துருப்பிடிக்காத பேரிங்" என்று போட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். ஷிமானோவின் ஏ-ஆர்பி, டைவாவின் சிஆர்பிபி, அபு கார்சியாவின் எச்பிசிஆர் எல்லாம் துருவை எதிர்த்து நிற்கும் நல்ல பேரிங்குகள்தான். துரு பிடிக்கவே மாட்டாது என்று அதற்குப் பொருளில்லை, பிந்திப் பிடிக்கும். அதுவும் பல றீல்களில் எல்லா இடத்திலும் அவை இருப்பதில்லை, ஈரம் கூடப் படும் சில இடங்களில் மட்டும் இருக்கும். மற்ற இடங்களில் சாதாரணத் துருவேறா உருக்கு. பேரிங்குக்கு வேண்டிய கடினத்தைக் கொடுக்க அந்த உருக்கில் கரிமத்தைக் கூட்டுகிறார்கள். கரிமம் கூடினால் உப்பைத் தாங்கும் வலு குறைகிறது. வீட்டுச் சட்டிக்குத் துரு பிடிக்கவில்லை என்பதை வைத்து றீலின் பேரிங்கை அளக்க முடியாது.

உங்களில் சிலர் வேறொரு நியாயம் சொல்வீர்கள், அது சரியான நியாயம். புளோரிடாவில் கடலோரத்தில் நிற்பவர்களும் பாஸ் றீலைத்தானே பாவிக்கிறார்கள் என்பீர்கள். உண்மை, பாவிக்கிறார்கள். பல ஆண்டுகள் பாவிக்கிறார்கள். கடலிலிருந்து ஏறிய அன்றே கழுவுகிறார்கள், குறித்த காலத்துக்கு ஒரு முறை திறந்து துடைத்துக் கிறீஸ் போடுகிறார்கள், பேரிங் போனால் பக்கத்துக் கடையில் வாங்குகிறார்கள். அங்கே அந்த றீலைக் காப்பது அதைச் சுற்றியிருக்கும் பழக்கமும் கடையும். நீங்கள் றீலை மட்டும் கொண்டுவருகிறீர்கள். அந்தப் பழக்கம் உங்கள் ஏரிக்குத் தேவைப்படவில்லை, ஆகவே உங்கள் கையிலும் அது இல்லை. கடையோ எங்களிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வலையும் தங்கூசியும் தூண்டில் முள்ளும் எத்தனை கடையிலும் வாங்கலாம். ஒரு பாஸ் றீலின் பேரிங்கையோ நூல் வழிகாட்டியின் சின்னக் கொளுக்கியையோ இங்கே தேடி அலைவதற்குப் பழைய றீலைத் தூக்கிப் போடுவது சுலபம் என்று ஆகிவிட்டது.

இனிக் கழுவுவதைப் பற்றிச் சொல்கிறேன். "கழுவித்தானே வைத்தேன்" என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: எந்தத் தண்ணீரில்? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீர்தான் எங்கள் கிணறு. அந்த நன்னீருக்கு அடியிலும் பக்கத்திலும் கடல் தண்ணீர் நிற்கிறது. கோடை முற்றி நன்னீர் மட்டம் இறங்க, கரையோரக் கிணறுகள் உவராகும். நீங்கள் வருவது சரியாக அந்தக் காலத்தில். தீவகத்தில் எத்தனையோ வீடுகளில் கிணறு இருந்தும் குடிக்கிற தண்ணீர் பவுசரில் வருகிறது. புங்குடுதீவில் நின்று மீன் பிடித்துவிட்டு அந்த வீட்டுக் கிணற்றிலேயே றீலைக் கழுவினால், உப்பை உப்பால் கழுவினீர்கள். குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்கே தெரியத் தொடங்கும். ஆகவே கழுவுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். தீவுப் பக்கம் போகிற நாளில் நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து ஒரு கான் தண்ணீரை வாகனத்தில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு றீலுக்கு அதில் கொஞ்சம் போதும்.

கழுவும் முறையும் முக்கியம். மோட்டரைப் போட்டுக் குழாயால் அடிக்காதீர்கள். அந்த வேகம் உப்பையும் மணலையும் உள்ளே தள்ளிவிடும். வாளிக்குள் தாழ்த்தி ஊறவிடவும் வேண்டாம், வெளியே இருந்த உப்புக் கரைந்து உள்ளே போகும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பூவாளி இருக்கிறதே, அதைப்போல நல்ல சாமான் இதற்குக் கிடையாது. முதலில் டிராக்கை இறுக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அதன் தட்டுகளுக்கு இடையில் போகும். பூவாளியால் மேலிருந்து மெல்லத் தூவிக்கொண்டே கைபிடியைச் சில சுற்றுச் சுற்றுங்கள். நூல் வழிகாட்டியிலும் கைபிடியின் குமிழிலும், ஸ்பின்னிங் றீலென்றால் நூல் உருளும் சின்ன உருளையிலும் கூடத் தூவுங்கள். பிறகு உதறி, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும், மூட்டுகளில் அதுவும் இறுகும். நிழலில், காற்றுப்படும் இடத்தில் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். கடைசியாக டிராக்கை நன்றாகத் தளர்த்திவிடுங்கள், இறுகிய நிலையில் மாதக்கணக்காகக் கிடந்தால் தட்டுகள் ஒட்டிப்போகும்.

காய்ந்த பிறகுதான் எண்ணெய். எது கையில் கிடைத்தாலும் விடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம், அதையும் நீங்கள்தான் மாற்ற உதவ வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், ஆனால் நின்று காக்காது. அதை உள்ளே அடித்தால் இருந்த கிறீஸையும் கரைத்துவிடும். சுழலும் பேரிங்குக்கு றீல் எண்ணெய் ஒரு சொட்டு, அது இல்லாவிட்டால் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. பற்சக்கரத்துக்குக் கடலுக்கென்று விற்கும் நீர்புகாத கிறீஸ், அதுவும் மெல்லிய படையாக. கைபிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைப் பேரிங்குக்குக் கிறீஸ் போடவே கூடாது. போட்டால் அது வழுக்கும், மீன் இழுக்கும் நேரத்தில் கைபிடி திரும்பி விரலில் அடிக்கும். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புரியில் கிறீஸ் தடவித் திரும்பப் பூட்டுங்கள். நான் முன்பு சொன்ன முறிந்த தலைகளை இந்த ஒரு வேலை பெருமளவு தடுத்துவிடும். டைவாவின் மாக்சீல் றீல் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். அதற்குள் காந்தத்தால் நிறுத்திய எண்ணெயே அடைப்பாக இருக்கிறது. அந்த இடத்தில் வேறு எண்ணெய் விட்டால் அடைப்புக் கெட்டுவிடும். அதை இங்கே திறக்கும்படி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

றீலின் அளவையும் யோசியுங்கள். வழக்கமான பாஸ் றீல் ஒன்றில் 12 இறாத்தல் நூல் நூற்றிச் சொச்சம் மீற்றர்தான் சுற்றலாம். ஏரிப் பாஸ் மீன் பாசிக்குள் பாயும், கட்டைக்குள் பாயும், நூறு மீற்றர் ஓடாது. எங்கள் கடலில் ஒரு நல்ல பாரை தூண்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினால் நிற்காமல் ஓடும். அறக்குளா அதைவிட வேகம். ஸ்பூலின் அடி தெரிய, டிராக் சூடேற, கடைசியில் நூல் அறுந்து போகும். வாயில் முள்ளோடும் பின்னால் நீண்ட நூலோடும் அந்த மீன் போய்விடும். அறுந்த நூல் களங்கண்டியிலும் வலையிலும் சிக்கினால் அதை அவிழ்ப்பது தொழிலுக்குப் போகிற மனிதனின் வேலையாகிறது. முரலுக்கும் ஓராவுக்கும் சின்ன விளைமீனுக்கும் உங்கள் பாஸ் றீல் போதும். பாரையையும் அறக்குளாவையும் நினைத்து வருபவர்கள் 4000, 5000 அளவில் கடலுக்கென்று செய்த ஸ்பின்னிங் றீல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். விலை உயர்ந்த மக்னீசியம் றீலைவிட, நடுத்தர விலையில் நன்றாக அடைப்புப் போட்ட கடல் றீல் இங்கே பல மடங்கு காலம் உழைக்கும்.

பாஸ் றீலைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் அதற்கேற்ற தண்ணீரும் எங்களிடம் இருக்கிறது. ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிக்குப் போங்கள், இரணைமடுக் குளம் இருக்கிறது. வன்னிக் குளங்களில் விரால் இருக்கிறது. பாஸ் மீனுக்கு நீங்கள் பாசிக்கு மேல் இழுக்கும் இறப்பர்த் தவளையை விராலும் அதே ஆத்திரத்தோடு அடிக்கும். அங்குள்ள மீனவர் சங்கத்தாரைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் வீசுங்கள். உங்கள் றீலுக்கும் சுகம், உங்களுக்கும் ஊரில் இன்னோர் இடத்தைப் பார்த்ததாக இருக்கும்.

ஒரு றீலுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் கரையின் கதையை நீங்கள் அறிவீர்கள். போர்க்காலத்தில் கடல் அடிக்கடி பூட்டிக் கிடந்தது. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களிடம் அவர்களுடைய துறைமுகம் 2017இல்தான் திரும்பியது. கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் வளர்ந்த ஒரு தலைமுறை எங்களிடம் உண்டு. அவர்களின் பிள்ளைகள் இப்போது பின்னேரங்களில் தடியும் றீலுமாகப் பாலத்தடிக்கு வருகிறார்கள். காற்றுப் பார்க்கவும் நீரோட்டம் பார்க்கவும் மூத்தவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகுகிறார்கள். அந்தப் பிள்ளையின் கையில் முதல் றீலைக் கொடுப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். அது இறுகிப்போனால் பல பேர் கரைக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். தாங்களே வாங்கவும் வழியில்லை. 2022இல் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டிப் போனது. உங்களுக்குச் சின்னச் செலவாகத் தெரியும் இரண்டு பேரிங், இங்கே ஒரு கூலித் தொழிலாளியின் நாள் சம்பளத்தைத் தின்றுவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன், றீலின் உடல் எந்த உலோகம் என்று பாருங்கள். மக்னீசியம் என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அல்லது இரணைமடுவுக்கென்று மட்டும் கொண்டுவாருங்கள். மற்றதை ஒரு முறை திறந்து, பழைய கிறீஸைத் துடைத்து, கடல் கிறீஸ் போட்டுப் பூட்டிக் கொண்டுவாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அங்குள்ள கடையில் செய்விக்கலாம். அந்த வசதி உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

இங்கே நிற்கும் நாட்களில், கரையிலிருந்து வந்த அன்றே றீலைக் கழுவுங்கள். கோயிலுக்குப் போக வேண்டும், கலியாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று நாளைக்கு ஒத்திப்போடாதீர்கள். கழுவும்போது அந்தப் பெடியனையும் பெட்டையையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக் கழுவுங்கள். இரண்டாம் முறை அவர்களையே செய்யவிட்டு நீங்கள் பாருங்கள். திருகாணியைக் கழற்றும் துணிவு பிள்ளைக்கு வர வேண்டும். அது உங்கள் முன்னால் வந்தால்தான் நீங்கள் இல்லாதபோது நிற்கும்.

திரும்பிப் போகும்போது றீலை வெறுமனே கொடுக்காதீர்கள். அதோடு ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தல், ஒரு கிறீஸ் ரியூப், பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பூலுக்கு இரண்டு மாற்றுப் பேரிங், உதிரிப் பாகங்களை வரைந்து இலக்கமிட்ட அந்தப் படத்தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். பெட்டியோடு வரும் அந்தத் தாளை நீங்கள் குப்பையில் போடுகிறீர்கள். இங்கே திருத்துகிறவனுக்கு அதுதான் வழி காட்டும். பாகத்தின் இலக்கம் தெரிந்தால் அடுத்து வருபவரிடம் சொல்லி விடலாம். உங்கள் சூட்கேசில் இவை ஒரு சோடிச் செருப்பின் இடத்தைக்கூடப் பிடிக்காது.

ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்கென்று பாவித்த றீல்களைச் சேர்த்து அனுப்பும் எண்ணம் இருந்தால், எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைப் பாருங்கள். சுழலாத பத்து றீல் எங்களுக்குப் பாரம். கடலுக்கேற்ற இரண்டு றீலும் அதற்குரிய பாகங்களும் வந்தால் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் மாறி மாறிப் பாவித்துப் பழகலாம். அனுப்புவதற்கு முன் ஊரில் மீன்பிடிக்கிற ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஊருக்கு வருபவர்களில் றீல் திறக்கத் தெரிந்தவர் ஒருவர், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் சனசமூக நிலையத்தில் மேசை போட்டு இருந்தாலே போதும். பிள்ளைகள் வருவார்கள், நானும் வருவேன்.

றீல் உங்களுடையது, அதை எந்தத் தண்ணீரில் போடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அதை இங்கே ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, காக்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த வருடம் வரும்போதே தொடங்குங்கள். போன வருடம் கொடுத்தது இறுகிக் கிடந்தால், யார் கெடுத்தது என்று கேட்க வேண்டாம். அவனையும் இருத்தி வைத்து, இரண்டு பேருமாகத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் றீல்களைத் திருத்தும் ஊரவன்,
யாழ்ப்பாணம்.